கம்பியில் தொங்கிய சம்பந்திகள்

— கண்ணைத் திறங்க சம்பந்தி. விழறதா இருந்தா இதுக்குள்ள விழுந்திருப்போம்.

— தொறக்க மாட்டேன். மொதல்ல இத்த சொல்லுங்க. டவருலேர்ந்து கரைக்கு சர்ருன்னு வழுக்கிகினு போன இந்தக் கம்பி சவாரி இன்னாத்துக்கு நடுவுல நின்னுச்சு?

— அது நிக்கலை. நான் நிறுத்தினேன்.

— இன்னாது?

— கடற்கரையில பாருங்க, சிவப்புக் கொடி. முப்பத்தெட்டு வருஷம் தாம்பரம்–பீச் எலெக்ட்ரிக் வண்டி ஓட்டினவன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சிவப்பைத் தாண்டினது கிடையாது. பார்த்ததும் கை தானா கம்பியைப் பிடிச்சிடுச்சு. அதுக்குத்தானே இந்த க்ளவுஸைக் கொடுத்திருக்கான்.

— யோவ், அது அலை சாஸ்தியா கீது, கடல்ல குளிக்காதேன்னு நட்டு வச்ச கொடியா! மேல தொங்கறவனுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?

— சிவப்புக்குக் காரணம் கேக்கறது டிரைவர் வேலை இல்லை, ஐசக் சார். நிக்கறதுதான் வேலை.

— ஏசப்பா! அறுபத்தாறு வயசுல என்னை ஒரு பனைமர ஒசரத்துல தொங்கவுட்டுட்டு ரூல்ஸ் பேசறாரே! ரெண்டு பேரையும் ஒரே கொக்கியில மாட்டிக் கீறான். நீங்க நின்னா நானும்தானே நிக்கணும்?

— அதுதான் வசதி. உங்க ஷீலா எங்க நிகிலைக் கட்டிக்கிட்டு எட்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது நாம ரெண்டு பேரும் இவ்வளவு நெருக்கமா உக்காந்து பேசியிருக்கோமா?

— உக்காந்தா? இதுக்குப் பேரு உக்காறதா? பல்லாவரத்துல முப்பது வருஷம் தோல் கம்பெனி சூப்பர்வைசரு நானு. பெல்ட்டைத் தொட்டதும் சொன்னேன், இது தோலே இல்ல, நைலானுன்னு. எவன் காதுல வாங்கினான்? டூர் கப்பல் டிக்கெட்டோட சேந்ததுப்பா, சும்மா போய்ட்டு வான்னு எம்பொண்ணே தள்ளிவுட்டா. உங்க புள்ள கீழ நின்னு வீடியோ எடுக்கறான்.

— இன்னும் எடுத்துட்டுதான் இருக்கான். கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க.

— பேஜாரு புடிச்ச குடும்பம்யா உங்களுது! கம்பியில இருந்து கையை எடுங்க, போவட்டும்.

— எடுத்து ரொம்ப நேரமாச்சு. நடுவுல கம்பி தொய்ஞ்சு இருக்கு, வேகமும் போயிடுச்சு. இனிமே பின்னாடி ஒருத்தர் வந்து தள்ளிவிட்டாத்தான் உண்டு. மேல டவருக்குக் கை காட்டிட்டேன். வருவாங்க.

— எப்போ? கப்பல் நம்மள வுட்டுட்டுப் போயிடும். இலங்கையில இந்தக் கம்பியில தொங்கிகினே குடித்தனம் பண்ணலாம்.

— கப்பல் அதோ நிக்குது, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கிளம்பும். இதெல்லாம் ஒரு நிறுத்தமா சம்பந்தி? எண்பத்தொன்பதுல குரோம்பேட்டை தாண்டி ஒரு சிவப்பு விழுந்தது பாருங்க, அது நிறுத்தம். மூணாவது பெட்டியில ஒரு அம்மாவுக்குப் பிரசவம். அங்கேயே தொட்டில் கட்டி, பேர் வச்சு, காது குத்தி, எல்லாம் ஆச்சு. பச்சை விழறப்போ அந்தக் குழந்தை ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டுட்டு இருந்தான்.

— புளுகு!

— பல்லாவரத்துலதான் இறங்கினான். விசாரிச்சுப் பாருங்க, உங்க தெருவாக்கூட இருக்கும்.

— நான் இங்க தொங்கறேன், நீங்க கதை அளக்கறீங்க. கீழ இன்னா வாசனை அது?

— மணல்ல மேஜை போட்டு இறால் சுடறாங்க. தென்னை ஓலைப் பந்தலுக்குக் கீழ நம்ம ஆளுங்களுக்கு நீளமா ஒரு மேஜை. எனக்கு மட்டும் தனியா இடியாப்பம் சொல்லியிருக்கான் நிகில். சரி, ஆள் வர்றதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

— இன்னா விஷயம்?

— மேல டவர்ல வரிசையில நிக்கற உங்க தங்கச்சி அருள்மேரியை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.

— யாரை? எந்தங்கச்சியையா?

— கண்ணைத் திறந்துட்டீங்களே! நல்லது. காத்து பிச்சுக்கிட்டுப் போகுது, மூச்சை நல்லா இழுத்து விடுங்க.

— நீ... நீங்க... யோவ், அவளுக்கு அறுபது வயசுய்யா!

— அறுபத்தொண்ணு. எனக்கு அறுபத்தொன்பது. ரெண்டு பேரும் மேஜர்.

— அவ கல்யாணமே வாணாம்னு நர்ஸு வேலையே கதின்னு கெடந்தவ.

— வேணாம்னு இருந்தாங்களா, இல்லை யாரும் கேக்கலையா? நான் கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னாங்க.

— வெள்ளிக்கிழமையா? அட! ஒரு கிலோ வெங்காயம் வாங்க பல்லாவரம் சந்தைக்குப் போனா மூணு மணி நேரம் கழிச்சு வருவாளே! அது நீதானா?

— நான்தான். சந்தைக்கு வந்துட்டு வெறுங்கையோட திரும்பினா நிகில் சந்தேகப்படுவானேன்னு வாராவாரம் ஒரு பழைய கடிகாரம் வாங்கிட்டு வருவேன். இப்ப செம்பாக்கத்து வீட்ல ஓடாத கடிகாரம் மட்டும் இருபத்துமூணு இருக்கு. எந்த ரூமுக்குப் போனாலும் வேற வேற மணி.

— ஷீலாவுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. ஆனா அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை பாருங்க. அப்பா கூடப் பொறந்தவங்கன்னு இப்பவே அத்தைன்னுதான் கூப்பிடறா. நாளைக்கு மாமியார் ஆனாலும் அதே அத்தைதான். எனக்கும் உங்களுக்கும்தான் பேர் மாறும். சம்பந்தின்னு ஏறினேன், மச்சான்னு இறங்குவேன்.

— எறங்கினாத்தானே!

— தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து இன்னியோட இருபத்தேழு நாள். ரெண்டு மதம் இல்லையா? முப்பது நாள் எங்க பேரை போர்டுல ஒட்டி வைப்பாங்க. ஆட்சேபணை இருக்கிறவங்க எழுதிக் கொடுக்கலாம். புதன்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

— கரையில கால் வச்சதும் நான் எழுதிக் குடுப்பேன்!

— என்னன்னு?

— செம்பாக்கம் சத்யநாராயணன் ஒரு பைத்தியம்னு எழுதுவேன். குளிக்கிறவனுக்கு வச்ச கொடியைப் பாத்து கம்பியை நிறுத்தினவன்னு எழுதுவேன். உன் புள்ள எடுத்த வீடியோவே கீது, ப்ரூஃபு!

— அது செல்லும். அதை நினைச்சா எனக்கே கொஞ்சம் பயம்தான். ஆனா நீங்க மனுவெல்லாம் எழுத வேண்டாம். அருள்மேரி ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க, "எங்கண்ணா வாயால சரின்னு சொல்லணும். இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னு. புதன்கிழமைக்குள்ள நீங்க சொல்லலைன்னா இந்த ஜென்மத்துல எனக்குக் கல்யாணம் கிடையாது. இருபத்துமூணு கடிகாரத்தோட நான் தனியாத்தான் உக்காந்திருக்கணும்.

— அப்ப சொல்ல மாட்டேன். முடிஞ்சுது.

— மதமா காரணம்?

— அதையெல்லாம் எம்பொண்ணு எட்டு வருஷம் முன்னாடியே கடந்து போயிட்டா.

— அக்கம்பக்கம் சிரிக்கும்னா?

— சிரிச்சா சிரிச்சிகினு போறான்.

— பின்ன என்ன சம்பந்தி? சொல்லுங்க. இங்க கேக்க ஆளே இல்லை. ஒரு பருந்து இருக்கு, அதுக்கும் தமிழ் புரியற மாதிரி தெரியலை.

— எனக்கு யாரு சோறு போடுவா?

— என்னது?

— கேட்டுச்சு இல்ல? இன்னாத்துக்கு இன்னொரு தபா கேக்கற? எம்பொஞ்சாதி ரோஸி போய் ஆறு வருஷம் ஆச்சு. இவதான் வந்து வூட்டைப் புடிச்சு நிறுத்தினா. காலையில அஞ்சு மணிக்கு அடுப்பாண்ட ஏனம் உருட்டுவா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்சுச்சுன்னே தெரியும். ஒரு தபா சர்ச்சு கூட்டம்னு ரெண்டு நாள் வெளியூர் போயிட்டா. பொழுது சாயற வரைக்கும் சட்டைகூட மாத்தாம சேர்ல உக்காந்துகினு இருந்தேன். பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட கை வரல. சோறுன்னு சொல்றேன். சோறு மட்டும் இல்ல அது.

— புரியுது.

— இன்னா புரியும் உனக்கு?

— எங்க வீட்டுக்காரி போனப்புறம் நானும் நாலு வருஷம் அந்தச் சேர்ல உக்காந்திருந்தேன் சம்பந்தி. பையன் ஆபீஸ், மருமக ஸ்கூல், பேத்தி ட்யூஷன். மூணு பேர் இருந்த வீட்ல நான் காலண்டர் மாதிரி மாட்டி இருந்தேன். சரி, நீங்களும் செம்பாக்கம் வந்துடுங்க.

— பொண்ணு குடுத்த வூட்ல போய் உக்காந்து துன்றதா? மானம்னு ஒண்ணு கீது எனக்கு.

— அப்ப நான் பல்லாவரம் வர்றேன். வீட்டோட மாப்பிள்ளையா.

— அறுபத்தொன்பது வயசுல வூட்டோட மாப்ளையா?

— அதுக்கு வயசு வரம்புன்னு எந்த ஆபீஸ்லயும் எழுதி வைக்கலையே. உங்க மாடி ரூம் சும்மாதானே இருக்கு. உங்க அடுப்பு அங்கேயே எரியும், அஞ்சு மணிக்கு அதே சத்தம் கேக்கும். ஒரு தட்டு கூட, அவ்வளவுதான்.

— வாரத்துல நாலு நாள் மீன் கொழம்பு. நீங்க சைவம்.

— எனக்குத் தனிச் சட்டி வச்சுப்பாங்க.

— ரெண்டு சமையலா?

— அவங்க கை வேகத்துக்கு அது ஒரு வேலையா?

— காலையில மொத காபி எனக்கு. அதுல பேச்சே கெடையாது.

— ஒத்துக்கறேன். மத்தியானம் எனக்கு ரசம் இல்லாம இருக்கக் கூடாது.

— வச்சுத் தருவா. ஞாயித்துக்கெழம கறி.

— நான் மாடியில இருந்துக்கறேன். தயிர்சாதத்தை மேல கொண்டு வந்துடுவாங்க.

— கொண்டு வருவா, கொண்டு வருவா. முட்டி வலின்னு கொஞ்சம் மொனகுவா. கண்டுக்காத.

— அப்போ?

— அப்போ சரி.

— முழுசா சொல்லுங்க. அவங்க உங்க வாயால கேப்பாங்க.

— சரிய்யா! சரி! எந்தங்கச்சியைக் கட்டிக்கோ. போதுமா மச்சான்?

— ஆஹா. இந்த ஒசரத்துல யாருக்கும் இப்படி ஒரு சம்மதம் கிடைச்சிருக்காது. கம்பி ஆடுது பாருங்க, தள்ளிவிட ஆள் வர்றாங்க.

— யாரது, பூப்போட்ட சுடிதாரு? ஹெல்மெட்டுக்குக் கீழ நரைச்ச கொண்டை... ஏசப்பா, நம்ம அருளு!

— அண்ணா, காலை மடக்குங்கண்ணா! இடிக்கப் போறேன்!

— நீ எப்படிம்மா வந்த?

— தள்ள வேண்டிய ஆளே உங்க ரெண்டு பேர் கனம் இருக்காருண்ணா. அவரும் வந்தா கம்பி இன்னும் தொய்ஞ்சிடுமாம். லேசான ஆள் யாராச்சும் வர்றீங்களான்னு கேட்டாரு, நான் கையைத் தூக்கினேன். ஏன் சார் நிறுத்தினீங்க?

— சிவப்புக் கொடி இருந்தது அருள்மேரி.

— அதானே பார்த்தேன். அண்ணாகிட்ட கேட்டாச்சா?

— கேட்டாச்சு. வாய் திறந்து சரின்னுட்டார். நீங்களே கேட்டுக்கலாம்.

— ஆமா அருளு, சரின்னுட்டேன். எல்லாம் பேசி முடிச்சாச்சு. உனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அவரு நம்ம பல்லாவரம் வூட்டுக்கே வந்துடறாரு.

— ரொம்ப சந்தோஷம்ண்ணா. நிஜமாவே. அழுகையா வருது, கண்ணைத் துடைச்சா கம்பியை விட்டுடுவேன். வேற என்ன பேசினீங்க?

— மொத காபி எனக்கு. அவருக்கு ரசம். எனக்கு மீன் கொழம்பு.

— தனித்தனிச் சட்டி. தயிர்சாதம் மட்டும் மாடிக்கு வந்துடணும்.

— இதெல்லாம் யார் செய்யறதாம்?

— இன்னா அருளு இப்படிக் கேக்கற? நீதான்.

— அப்ப நானும் ரெண்டு விஷயம் சொல்லிடறேன், நல்லா கேட்டுக்குங்க. படப்பையில ஒரு ஆஸ்பத்திரியில என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, அங்கேயே மூணு ரூம் வச்ச வீடும் பார்த்துட்டேன், ஆளுக்கு ஒண்ணு. அடுத்த திங்கக்கிழமையிலேருந்து எனக்குக் காலை ஷிஃப்ட், மத்தியானம் ரெண்டு மணிக்குப் பசியோட வருவேன், சோறு யார் வடிக்கிறது குழம்பு யார் வைக்கிறதுன்னு கரையில கால் வைக்கிறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிடுங்க. புடிச்சுக்குங்க, தள்றேன்!