புலியருவிக் கட்டம்

— ஏட்டி பேராச்சி, பகடைய உருட்டு! மூணு விழுந்தா கடைசிக் கட்டம். அதையும் செஞ்சுட்டா இந்த முதியோர் இல்லத்துல நீ நிரந்தர ஆயா!

— இருங்க, சொரிமுத்து தாத்தா. தோத்தா மறுபடி பீடி சுத்தத்தான் போகணும். படுத்திருந்தவருக்குக் கஞ்சி ஊட்டப் போயி, ஏற்கனவே கட்டத்துல ஒரு பாம்பு கடிச்சுட்டு.

— பின்ன? உக்கார வச்சுல்லா ஊட்டணும்! அலிமா சிஸ்டரு ஆயாக்களுக்குன்னே கட்டம் வரைஞ்சு, பாம்பும் ஏணியும் வச்சு சொல்லிக் குடுக்காக. ம், உருட்டு... ஆகா, மூணு!

— ரெண்டுல்லா விழுந்திருக்கு?

— எனக்கு மூணுதான் தெரியுது. கண்ணு மங்குனவன் சொன்னா கேக்கணும். வாசி!

— ‘இடது கை கால் விழுந்த பெரியவரைப் புலியருவியில் குளிப்பாட்டுக.’ இது எப்ப வந்துது தாத்தா?

— கடைசிக் கட்டம்னா கஷ்டமாத்தான் இருக்கும். இடது பக்கம் விழுந்தவன் இங்கன நான் ஒருத்தந்தான். அருவி பக்கத்துலதான், என்ன செய்ய, உனக்காக வாரேன்.

— டாக்டரு உங்களுக்கு அருவி கூடாதுன்னாரே?

— அது நோயாளிக்கு. நான் இப்ப ஆட்டக்காயி.

— சரி, இடது பக்கம் நான் நிக்கேன். மூணு சொன்னதும் எந்திரிச்சு சக்கர நாற்காலியில உக்காரணும். ஒண்ணு, ரெண்டு...

— உக்காந்துட்டேன்! தள்ளு, தள்ளு! சாரல் மூஞ்சில அடிக்குதுட்டி!

— ஆடாதீக, கவுந்துருவீக!

— எழுபத்தேழுல ஒருநா இந்த அருவி கீழேருந்து மேல போச்சு. நாந்தான் நாலு குடம் மோந்து ஊத்தி, இதுதான் வழின்னு காட்டிவிட்டேன்.

— காட்டியிருப்பீக. வந்துட்டோம், எறங்குங்க. மொதல்ல காலு. பெறவு தோளு. தலைய மெதுவா நீட்டுங்க. என்னைய விட்டுராதீக!

— ஆத்தாடீ! ரெண்டு வருசம்! அருவியில நனைஞ்சு ரெண்டு வருசமாச்சுட்டி! இன்னுங் கொஞ்சம் உள்ள... இன்னுங் கொஞ்சம்!

— ஓரமா போதும்.

— பேராச்சி, ஒண்ணு சொல்லுதேன், வையாத. அந்தக் கட்டத்த எழுதுனது நாந்தான். சிஸ்டருக்குத் தெரிஞ்சா உன் வேல போயிரும். வா, யாரும் பாக்குமுன்ன ஓடிருவோம்!

— எங்க ஓட? திரும்பிப் பாருங்க, டாக்டரும் சிஸ்டரும் ஒரே குடைக்குள்ள மார்க்கு போட்டுக்கிட்டு நிக்காக. ‘தாத்தா எழுதுனத அழிக்காத, பத்து நிமிசம் பத்திரமா குளிப்பாட்டிக் கொண்டா, அதுதான் உனக்குப் பரீட்சை’ன்னு காலையில டாக்டருதான் சொன்னாரு.