ஊர்ச் சராசரியும் தனேலியின் வெண்ணெயும்

கொழுப்பு நீக்கிய பால் முதல் வாரம் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அப்புறம் சரியாகிவிடும். நாக்கு நாய் மாதிரி; புது இடத்தில் கட்டினால் கொஞ்சம் குரைக்கும், பிறகு படுத்துக்கொள்ளும். உங்கள் செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இதை முதலில் போடுங்கள்.

நீங்கள் கேட்டது அன்றாடச் சாப்பாட்டில் செய்யக்கூடிய சின்னச் சின்ன மாற்றங்கள். இந்த ஏரிக்கரையில் ஆண்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற வயதுவரை இருப்பது எங்கள் கூசிலஹ்தியில்தான் என்று எங்கேயோ படித்துவிட்டு, அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சமுதாயக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தையும் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான்தான். அந்தப் போட்டியில் எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்காமல், ஜெயித்துவிட்டீர்களே என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கேட்டதால் சொல்கிறேன். காப்பி ஆறுகிறது, குடியுங்கள். பாலேடு கிடையாது.

எங்கள் அப்பா உப்பு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே தட்டில் முகம் வைத்தார். நாற்பத்து நான்கு வயது. சூடாக இருக்கிறது, ஊதுகிறார் என்று நினைத்தோம். சித்தப்பா வைக்கோல் போரின் மேல் போனார். அப்போதெல்லாம் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கைம்பெண்கள்தான். ஆண்கள் விருந்தாளிகள் மாதிரி வந்து, பன்றிக் கொழுப்பில் பொரித்ததைத் தின்று, பாலேடு ஊற்றிய காப்பியைக் குடித்துவிட்டு, ஐம்பதுக்குள் கிளம்பிவிடுவார்கள். அப்பா விழுந்தபோது என் தம்பி வெய்க்கோ மேசைக்கு அடியில் மரக்குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனை வளர்த்தது நான்.

அதனால்தான் தாதி கெர்த்து ஊருக்கு வந்து, கொழுப்பைப் பற்றிச் செய்தித்தாளில் வருகிறதே, அது உண்மைதான் என்று சொன்னபோது, மற்றவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. எதிர்க்கரை வாராலாவுக்கும் எங்களுக்கும் போட்டி என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். இலையுதிர் காலத்தில் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுப்பது. வசந்தத்தில் மறுபடி எடுப்பது. எந்த ஊரின் கொலஸ்ட்ரால் சராசரி அதிகம் இறங்கியிருக்கிறதோ அந்த ஊருக்குக் கோப்பை. எங்கள் ஊருக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். ஏற்கெனவே பனிக்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் பாதை போடுகிறவன் நான்தான். சின்ன ஊசியிலை மரங்களை வெட்டிவந்து பனியில் வரிசையாக நட்டுவைப்பேன். பனிமூட்டத்தில் எதிரே கை தெரியாது. ஆனாலும் அந்தக் கொப்புகளைப் பார்த்துக்கொண்டே வாராலாவரைக்கும் சறுக்கிப் போய்வந்துவிடலாம். கொப்பு நிற்கிற இடத்தில் பனி தாங்கும் என்று குழந்தைக்கும் தெரியும். நான் காட்டிய வழியில் நடந்து பழகிய ஊர், சாப்பாட்டிலும் நடக்கும் என்று நினைத்தார்கள் போல.

நடந்தது. வீடு வீடாகப் போனேன். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் மார்கரின், பொரித்ததற்குப் பதில் வேகவைத்தது, சாசேஜுக்குப் பதில் டர்னிப் கிழங்கு. கடைக்காரரிடம் பேசி வெண்ணெயைக் கடையிலிருந்தே எடுக்க வைத்தேன். ஊர்ப் பூனைகள் நவம்பரில் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை பிடித்து, என் கொப்புகளின் ஓரமாகவே நடந்து வாராலாவுக்குக் குடிபெயர்ந்தன. கடைசியாகப் போனது எங்கள் வீட்டுப் பூனை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி சைமி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "அதுக்காவது போக்கிடம் இருக்கு"ன்னு சொன்னாள்.

எல்லாரும் இறங்கி வந்தார்கள், ஒருவரைத் தவிர. தனேலி. வயது எழுபத்தெட்டு. ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிட்டு ஓட்டுகிற வேலையில் இருந்தவர். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒதுக்குப்புறமாகத் தனி வீடு. கஞ்சியின் நடுவில் குழி பண்ணி, அதில் கையளவு வெண்ணெயைப் போட்டு, அது உருகி மஞ்சள் கண் மாதிரி முழிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் ஓரத்திலிருந்து சாப்பிட்டு வருவார். கண்ணைக் கடைசியில் குடிப்பார். கெர்த்து அவருக்கு எடுத்த ரத்தத்தை வண்டியில் மறந்துவிட்டு வந்தாளாம். குளிரில் அது மெழுகுவர்த்தியாக உறைந்துபோய், திரி போட்டால் எரிந்திருக்கும் என்றாள். அவர் ஒருவர் எண்ணே ஊர்ச் சராசரியைத் தோளில் தூக்கி நிறுத்திவிட்டது.

கடையில் வெண்ணெய் இல்லையென்றதும் அவர் ஒன்றும் சண்டை போடவில்லை. சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு ஏரியைத் தாண்டி வாராலாவுக்குப் போனார். அங்கே கடைக்காரன் அவருக்கு வெண்ணெயைச் சும்மாவே கொடுத்தான். பாலேடும் கொடுத்தான். எங்கள் சராசரி ஏறினால் அவர்களுக்கு லாபம்தானே. எதிரி ஊர் நம் ஆளுக்குப் பன்றிக்குத் தீனி போடுவதுபோலப் போட்டுக் கொழுக்கவைத்தது. பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது.

இதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது, அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது. விறகு பிளந்தார். சௌனாவில் ஆவிக்குளியல் போட்டுவிட்டு நேரே போய் ஏரியின் பனித்துளையில் குதித்தார். நான் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும், "தனேலி பெரியவரு நல்லாத்தானே இருக்காரு"ன்னு ஒரு பேச்சு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். அவரிடமே போய்க் கெஞ்சினேன். ஊருக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றேன். வெண்ணெய்க் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏண்டா ரெய்னோ, உங்கப்பன் வெண்ணெயைத் தின்னா செத்தான்? வீட்ல உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து செத்தான்டா."

நான் கோபப்படவில்லை. கோபம் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

வெய்க்கோவுக்கு முந்தின வருஷமே மரம் அறுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிவந்தது. இப்படியே தின்றால் இன்னொரு கிறிஸ்துமஸ் பார்க்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இலையுதிர் காலம் முழுக்க அவன் நான் சொன்னபடி இருந்தான். கம்பளிப் பூச்சி தின்கிற மாதிரி முட்டைக்கோஸ் தின்றான். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் தனேலி தன் தட்டிலிருந்த அப்பத்தில் முட்டை மசித்த வெண்ணெயை அப்பி அவன் பக்கம் தள்ளினார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு தின்றான்.

"அவரு செத்துட்டாராண்ணே? சொல்லு, செத்துட்டாரா?" என்று கேட்டான்.

அவர் சாகவில்லை. அதுதான் பிரச்சினை. ஜனவரியிலிருந்து இருவரும் சேர்ந்தே வாராலா போய்வர ஆரம்பித்தார்கள். திரும்பும்போது ஏரி நடுவில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்பார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் பனியில் இரண்டு கறுப்புப் புள்ளி. என் தம்பி அங்கே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தான், நான் இங்கே டர்னிப் வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மார்ச் மாதம், இரண்டாம் ரத்தம் எடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது, நடை இதயத்துக்கு நல்லது என்று செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்தது. உங்கள் செய்தித்தாள்தான் என்று நினைக்கிறேன். நல்ல கட்டுரை. படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பனிப்பாதையை நீளமாக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்த கொப்புகளைப் பிடுங்கி, முனையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி நட்டேன். முனைக்கு அந்தப் பக்கம் ஏரி குறுகுகிற இடம். அடியில் நீரோட்டம் உண்டு. மார்ச்சில் அங்கே பனி மேலே பார்க்க ரொட்டி மாதிரி இருக்கும், உள்ளே பஞ்சு. துளை போட்டுப் பார்ப்பது என் வேலை. பார்த்தேன்.

பிறகு, பனி இளகிவிட்டது, இனி யாரும் ஏரியில் இறங்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். தனேலியின் வீடு ஒதுக்குப்புறம். அங்கே போக விட்டுப்போயிற்று.

மே மாதம் ஏரியின் பனி உடைந்ததும் வாராலாக்காரர்கள்தான் அவரைக் கரையில் கண்டெடுத்தார்கள். கோட்டுப் பையில் வெண்ணெய்ப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. ஏரித் தண்ணீர் குளிர்ச்சி, கெடவில்லை. நகரத்து டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கிழவரின் ரத்தக்குழாய்கள் பள்ளிக்கூடப் பையனுடையது மாதிரி இருக்கின்றன, இன்னும் இருபது வருஷம் தாராளமாக ஓடியிருக்கும் என்றாராம். இறந்தவர்களைப் பற்றி அப்படிப் பேசுவது நாகரிகமில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்பே போட்டி முடிந்துவிட்டது. எடுக்காத ரத்தம் கணக்கில் வராது என்பது விதி. ஊர்ச் சராசரி கிணற்று வாளி மாதிரி இறங்கியது. படம் எடுத்தார்கள். ஊர் அதற்குப் பிறகு முழு மனதோடு மாறியது. சுட்டிக்காட்ட தனேலி இல்லையே. எத்தனை ஆண்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதப் போகிறீர்கள். ஒரு தட்டில் அவர்களை எல்லாம் வையுங்கள், இன்னொரு தட்டில் ஒரு கிழவரை வையுங்கள். நான் அப்படித்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சைமி மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கொப்பு நட்டது யாரு, ரெய்னோ?" நான்தான் என்றேன். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாராலாவிலிருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தினமும் வெண்ணெய் தின்று தொண்ணூற்றிரண்டு வயதுவரை இருந்தாள். சில பேருக்கு அப்படி அமைந்துவிடுகிறது. அதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தனிமை ஒன்றும் பழகாதது இல்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி வைப்பேன். தண்ணீரில் வேகவைத்தது, உப்பு கிடையாது. மேசையில் வைத்துக் கரண்டியை எடுப்பதற்குள் நடுவில் மஞ்சளாக ஒரு கண் திறந்திருக்கும். வீட்டில் வெண்ணெய் வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கரண்டியால் வழித்துக் கொட்டுவேன். மறுபடி திறக்கும். இப்போதெல்லாம் வழிப்பதில்லை, ஓரத்திலிருந்து சாப்பிட்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுகிறேன். சில நாள் இரண்டு கண்.

பாதை போடும் வேலையை அந்த வசந்தத்தோடு விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏரி உறைகிற வாரத்தில், காலையில் கதவைத் திறந்தால், என் வாசற்படியிலிருந்து ஏரிவரை கொப்புகள் நட்டிருக்கும். ஒழுங்காக, நான் நடுகிற இடைவெளியில். பிடுங்கிச் சௌனா அடுப்பில் வைப்பேன். பச்சைக் கொப்பு, எரியாது; வெண்ணெய் காய்ச்சுகிற வாசனைதான் வரும். மறுநாள் திரும்ப நின்றுகொண்டிருக்கும். நடுவில் சறுக்குக் கட்டைத் தடம் இருக்கும். ஏரியிலிருந்து வீட்டை நோக்கி வந்த தடம். திரும்பிப் போன தடம் இருக்காது. இரண்டு ஜோடி.

ஏன் இரண்டு என்று கேட்கிறீர்கள். இதற்கு முன்பே, தம்பி இப்போது எங்கே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நான் காப்பி ஊற்றினேன். கூடத்துப் படத்தில் அவன் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பாதையை மாற்றிய அன்று சாயங்காலம் கெர்த்து வந்தாள். வெய்க்கோவுக்கு மறுபடி நெஞ்சு வலிக்கிறது என்று அவனுக்கு மட்டும் முன்கூட்டியே ரத்தம் எடுத்துப் பார்த்தாளாம். அவன் எண் தனேலியின் எண்ணையும் தாண்டியிருந்தது. "இவங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நீங்க ஜெயிக்க முடியாது, விட்டுடுங்க"ன்னு சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல பெண். வேடிக்கைக்குத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் வெய்க்கோ தோளில் சறுக்குக் கட்டைகளோடு என் வாசலில் வந்து நின்றான். தனேலி கீழே கரையில் காத்துக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக இருந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து எதைக் கேட்டாலும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பான்.

"அண்ணே, பனி தாங்குமா?"

"கொப்புக்கு உள்ள போ. தாங்கும்" என்றேன்.

அவனை ஏரி இன்னும் திருப்பித் தரவில்லை. தேடச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. அறுத்துப் பார்த்து யாராவது எதையாவது சொல்வார்கள், எதற்கு. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம், அதில்தான் எனக்கு ஆறுதல்: எங்கள் குடும்பத்து ஆண்களில் நெஞ்சு வலியால் சாகாத முதல் ஆள் வெய்க்கோதான்.