சுண்ணாம்புக் கோடு

“ஏம்மா, ஒனக்கு வாய் பேச வராதா?” என்று எரியோடு பஸ்ஸில் கண்டக்டர் ஒருமுறை என்னைக் கேட்டார். போகிற ஊரின் பெயரைச் சொல்ல முடியாமல் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பின்னாலிருந்து சுகன்யா அக்கா, “அவளுக்கும் சேத்து நான் பேசிருவேண்ணே. தாடிக்கொம்பு ரெண்டு குடுங்க” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். அன்றோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. திட்டிய அம்மாவைச் சமாதானப்படுத்தியவளும் அக்காதான்.

எங்கள் ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் களத்துப்பாறை இருக்கிறது. கொள்ளும் சோளமும் அதன் மேல்தான் காயும். அந்தப் பாறை வெங்காயம் போல உரியும் பாறை. சில இடங்களில் மேல் தகடு அடிப்பாறையை விட்டுக் கழன்று சும்மா உட்கார்ந்திருக்கும். பார்த்தால் தெரியாது. கல்லால் தட்டினால் கெட்டியான இடம் கிண்ணென்று கேட்கும், பொக்கான இடம் டொம்மென்று கேட்கும். ஆண்டுதோறும் கொள்ளு காயப்போடும் முன்பு தட்டிப் பார்த்து, பொக்கைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போடுவோம். கோட்டுக்குள் குழந்தைகள்கூடக் கால் வைக்க மாட்டார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் தட்டும் வேலையை அப்பா என்னிடம் விட்டிருந்தார். அக்கா மில்லுக்குப் போகிறவள். பாறைப் பக்கம் அதிகம் வர மாட்டாள்.

அக்காவுக்கும் முகேஷ்குமார் மாமாவுக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மாமா நல்லவர். அதை நான் மறுக்கவே மாட்டேன். கல்யாணத்துக்கு முன்பு ஜோடியாகப் படம் எடுப்பதற்குத் திண்டுக்கல்லிலிருந்து ஆல்வின் என்ற போட்டோக்காரர் வந்தார். பொட்டலையும் பாறையின் இரண்டு திமிலையும் பார்த்துவிட்டு, “ராஜஸ்தானுக்கு எதுக்குப் போகணும், ஒட்டகமே இங்க படுத்திருக்கு” என்றார். சூரியன் கிளம்பும்போது எடுத்தால் பாறை முழுவதும் செம்பு நிறமாகிவிடுமாம். வெள்ளைக் கோடு மட்டும் படத்தில் அசிங்கமாக விழும், கழுவிவிட முடியுமா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “இவ கழுவிருவா. எது பொக்குன்னு இவளுக்குத்தான தெரியும். காலைல நிக்கிற எடத்தையும் நீயே காட்டிருடி.”

தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். சுத்தமாகப் போய்விட்டது. சொன்ன வேலையைச் சரியாகச் செய்வது என் வழக்கம்.

விடிவதற்கு முன்பு பாறை ஏறினோம். மாமா என் கூடவே வந்தார். ஞாயிறு தோறும் அக்காவைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போவதாகச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள். மீதி நாட்களில் நான் என்ன செய்வேன் என்று அவர் யோசிக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதை அவரிடம் கேட்கவில்லை.

கிழக்கு வெளுத்தது. நான் விரலால் இடத்தைக் காட்டினேன். ஓரத்தில், சரிவுக்குப் பக்கத்தில். பொக்கின் மேல் அக்கா, பக்கத்தில் கெட்டியான இடத்தில் மாமா. கால் முறிந்தால் கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போகும். அக்கா கட்டிலில் இருப்பாள், நான் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான் நான் நினைத்தது. அக்கா தயங்கவே இல்லை. நான் காட்டிய இடத்துக்கு அப்படியே நடந்து போனாள்.

அப்போது ஆல்வின் கேமராவை இறக்கிவிட்டு, சூரியன் வந்தால் பெண்ணின் கண்ணில் அடிக்கும், இரண்டு பேரும் இடம் மாறி நில்லுங்கள் என்றார்.

மாமா கனமான ஆள். அது எனக்குத் தெரியும். ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் போதும். எனக்குத்தான் வாய் வராதே என்று பல நாள் என்னிடமே சொல்லிக்கொண்டேன். வந்திருக்கும். நான் முயன்று பார்க்கவில்லை.

சூரியன் வந்தது. பாறை உண்மையாகவே செம்பாகத்தான் இருந்தது. தகடு பெரிய சத்தமில்லாமல் நகர்ந்தது. மாமா அக்காவின் கையை விட்டுவிட்டார். விடாமல் இருந்திருந்தால் அவளும் போயிருப்பாள். கீழே கல்லில் அவர் தலை பட்டது. திண்டுக்கல் போவதற்குள் உயிர் போய்விட்டது.

எல்லோரும் ஆல்வினைத்தான் அடித்தார்கள். நாந்தான் கழுவச் சொன்னேன், நாந்தான் மாத்தி நிக்கச் சொன்னேன் என்று அவரே அழுதார். பொக்கு இருந்த இடம் மறந்துபோயிருக்கும், சின்னப்பிள்ளை என்று என்னை விட்டுவிட்டார்கள்.

அக்கா வீட்டோடு இருந்தாள். மில்லுக்கும் போகவில்லை. நான் சோறு ஊட்டினேன், தலை வாரினேன். அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். பரவாயில்லை என்று கடைக்கு நானே போனேன், வேண்டியதை நானே கேட்டு வாங்கினேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நானே பதில் சொன்னேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று அவளுக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தேன். ஆல்வின் கடையை மூடிவிட்டார் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. அக்கா திரும்பாமலே கேட்டாள்.

“அந்த எடத்த நீ தட்டிப் பாத்திருந்தியாடி?”

“பாத்தேங்க்கா.”

“பொக்குன்னு தெரியுமா?”

“தெரியும். ஒனக்குக் கால் மட்டும் ஒடியும்னு நெனச்சேன். நீ இருந்துருவேன்னு நெனச்சேன்.”

பாதி போட்ட ஜடை என் கையில் இருந்தது. அவள் அதை மெதுவாக உருவிக்கொண்டாள். எழுந்து ஒரு பையில் இரண்டு சேலையை வைத்தாள். எங்கடி போற என்று அம்மா கேட்டாள். வாசலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா ஏதாவது சொல்லியிருப்பாள்.