மூணாவது தட்டு

அந்த ஸ்டூல் வேணாம் மாஸ்டர், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. பையை மட்டும் மேசை மேல வைக்காதீங்க, கீழயே இருக்கட்டும். ம், நீங்க சொல்லவே வேணாம், எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். ஓட்டப்பந்தய முகாமுக்கு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும், அதுக்கு நான் கையெழுத்து போடணும். ஸ்கூலுக்கு எத்தனை தடவை கூப்பிட்டு விட்டீங்க, வேலை இருக்குன்னு சொல்லி சொல்லித் தட்டிக் கழிச்சேன். பொய்தான். நேர்ல பார்த்தா மறுக்க முடியாதுன்னு பயம். இப்ப நீங்களே ஆய்வுக்கூடம் வரைக்கும் தேடி வந்துட்டீங்க. இனி எங்க ஓடறது?

அவ எங்க, கீழயா? சரி, நிக்கட்டும். கொஞ்ச நேரம் மேல வரச் சொல்லாதீங்க.

கோபமா? உங்க மேல எனக்கென்ன கோபம்? வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பார்த்தீங்களா? அதான், அவங்க அம்மாவைக் கேளுங்கன்னு இங்க தள்ளி விட்டிருப்பாரு. நல்ல சேதின்னா அவரு சொல்லுவாரு, இந்த மாதிரின்னா என் தலையில கட்டிடுவாரு. பேசிக்கிட்டே வேலையைப் பார்க்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆரம்பிச்சுட்டேன், நடுவுல விட முடியாது.

இதுவா? கொழுப்பு. மனுஷக் கொழுப்புதான். ஐயே, எதுக்குப் பின்னாடி போறீங்க, கடிக்காது. ஆபரேஷன் நடக்கும்போது டாக்டருங்க துளியூண்டு எடுத்துக் குடுப்பாங்க, சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோட. அதுல இருந்து செல்லைப் பிரிச்சு இந்த மாதிரி தட்டுல நாங்க வளர்ப்போம். வாங்க, இந்த மைக்ராஸ்கோப்புல பாருங்க. ஒரு கண்ணை மூடாதீங்க, ரெண்டும் திறந்தே இருக்கணும். தெரியுதா? சோப்பு நுரை மாதிரி. ஒவ்வொரு குமிழும் எண்ணெய். ஊரே கரைக்கணும் கரைக்கணும்னு அலையுதே, அந்தச் சாமான். அழகா இல்ல? எனக்கு அழகாத்தான் தெரியுது. இது ரெண்டாவது தட்டு, வேற ஒருத்தரோடது. அதே மாதிரிதானே? இது மூணாவது. என்ன, ஒண்ணும் தெரியலையா? இல்ல, மைக்ராஸ்கோப் நல்லாத்தான் இருக்கு. அங்கங்க ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆமா. அது அப்படித்தான்.

சரி, நகருங்க, இன்சுலின் விடணும். மூணு தட்டுலயும் ஒரே அளவு. ஆச்சு. டைமர் ஓடட்டும், அது கத்துனதும் எல்லாத்தையும் நிறுத்தணும்.

இன்சுலின்னா சர்க்கரை வியாதிக்கு ஊசின்னு மட்டும்தான் எல்லாரும் நினைக்கிறோம். அது ஒரு தூதுவன், மாஸ்டர். சாப்பிட்ட உடனே ரத்தத்துல கிளம்பி வந்து கொழுப்புச் செல்லோட கதவைத் தட்டும். உள்ள போகாது, தட்டுறதோட சரி. உள்ள நிறைய புரதங்க இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. கதவுகிட்ட நிக்கிறது பக்கத்துல இருக்கிறதுக்கு ஒரு சீட்டு ஒட்டும், அது அடுத்ததுக்கு ஒட்டும். சீட்டுன்னா பாஸ்பேட், சின்னூண்டு பொருள். ஒட்டுனா சிலது முழிச்சுக்கும், சிலது படுத்துடும். இப்படிக் கை மாறிக் கை மாறிப் போனா, சர்க்கரை உள்ள வர்ற வழி திறக்கும், வந்ததை எண்ணெயாக்கிச் சேர்த்து வைக்கும். சேர்த்த எண்ணெயை உடைச்சு வெளிய தள்ளுற புரதம் ஒண்ணு இருக்கு. பசியிலயோ ஓடும்போதோ அதுக்கு வேற ஆளு சீட்டு ஒட்டியிருப்பான். இன்சுலின் வந்தா அந்தச் சீட்டைப் பிய்ச்சுடும். போதும், கடையைச் சாத்துன்னு.

புரியுதுல்ல? நீங்க விசில் ஊதுனா பிள்ளைங்க ஓடும், திரும்ப ஊதுனா நிக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

விசில் ஊதியும் யாரும் அசையலைன்னா? நல்ல கேள்வி. அதைத்தான் நான் இத்தனை வருஷமா இங்க உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கேன்.

மாஸ்டர், பரிசளிப்பு விழாவுல மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? இந்தப் பொண்ணு உடம்புல ஒரு பொட்டுக் கொழுப்பு கிடையாது, கெண்டைக்காலைப் பாருங்க, செதுக்கி வச்ச மாதிரின்னு. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணிட்டு வந்தும் எல்லாரையும் முந்துறா, இது ரயிலுன்னு. மொத்தக் கூட்டமும் கை தட்டுச்சு. நானும் தட்டினேன். வேற என்ன பண்ண? எழுந்திரிச்சுப் போக முடியுமா? அவ மேடையில ஏறும்போது தொடையில நரம்பு புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. உங்களுக்கு அது உங்க பயிற்சி. நான் என் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டேன்.

இருங்க, சொல்றேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. வீட்டுச் சாமான் ஏத்தி இறக்குற வேலை. பீரோவை ஒத்தை ஆளா முதுகுல வச்சு மாடி ஏத்துவாரு. என்ன உடம்புய்யான்னு கையைத் தொட்டுப் பார்ப்பாங்க. அவருக்கும் அதுல ஒரு பெருமை, அரைக்கைச் சட்டையைத் தவிர வேற போட மாட்டாரு. நாங்களும் கூடச் சேர்ந்து பெருமைப்பட்டோம், மடத்தனமா. ஒரு நாள் மூணாவது மாடிக்குச் சலவை மிஷினைத் தூக்கிட்டுப் போனாரு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல அதைப் பதமா இறக்கி வச்சிருக்காரு. ஒரு கீறல் இல்ல. அது பக்கத்துலயே உக்காந்தவருதான், எழுந்திரிக்கல. இதயம். முப்பத்தஞ்சு வயசு கூட ஆகல. அதுக்கப்புறம்தான் டாக்டருங்க எங்க குடும்பத்தையே பிடிச்சு உக்கார வச்சுச் சோதிச்சு, வம்சத்துல வர்ற கோளாறுன்னு சொன்னாங்க.

இந்தாங்க, என் கையைப் பாருங்க. நான் ஏன் எப்பவும் முழுக்கைச் சட்டை போடறேன்னு உங்க ஸ்கூல்ல டீச்சருங்க எல்லாம் பேசிக்குவாங்களாம், பொண்ணு வந்து சொல்லுவா. பாருங்க, வெக்கப்படாதீங்க. கயிறு கயிறா இருக்குல்ல? நான் எந்த எடையும் தூக்குனதில்ல மாஸ்டர், பால் பாக்கெட்டைத் தவிர. தோலுக்கு அடியில கொழுப்பே இல்ல, அதான் உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய தெரியுது. வயசுக்கு வர்ற வரைக்கும் எல்லாரையும் மாதிரி இருந்தேன். அப்புறம் கையிலயும் கால்லயும் இருந்தது போயிடுச்சு, முகமும் கழுத்தும் மட்டும் உப்பிடுச்சு. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவங்க, மூஞ்சி லட்சணமா இருக்குன்னு சொன்னாங்க.

சந்தோஷம்தானே அப்படின்னா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. சேர்த்து வைக்க பீரோ இல்லாத வீட்டுல துணிமணி என்ன ஆகும்? நடுவீட்டுல கிடக்கும், கால் வைக்க இடமிருக்காது. எண்ணெய் எங்கயாவது போகணுமே. ஈரல்ல போய்ப் படியுது, சதையில படியுது, ரத்தமே பால் மாதிரி வெளுத்துடுது. இன்சுலின் வந்து தட்டிக்கிட்டே இருக்கும், உள்ள சீட்டு கை மாறாது. சர்க்கரை ஏறிக்கிட்டே போகும், எனக்கு மத்தவங்களுக்குப் போடறதைப் போலப் பல மடங்கு இன்சுலின் ஊசி. அதையும் குத்த இடம் தேடணும், எங்க தொட்டாலும் எலும்பும் சதையும்தான். வேடிக்கையா இல்ல? வீட்டுல சண்டை வந்தா, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அவரு திட்டுவாரு. திட்டிட்டு அவரே சிரிச்சுடுவாரு, நானும் சிரிச்சுடுவேன். இப்ப கொஞ்ச நாளா சிரிக்கிறதில்ல.

அதே வம்சத்துக் கோளாறு இதயத்தையும் தொடும். எல்லாருக்கும் இல்ல. அண்ணனைத் தொட்டுச்சு. என்னை இதுவரைக்கும் விட்டு வச்சிருக்கு, ஏன்னு யாருக்கும் தெரியாது.

இல்ல மாஸ்டர், குணப்படுத்துற மருந்து இல்ல. தள்ளிப் போடலாம், சமாளிக்கலாம், அவ்வளவுதான். நான் ஆராய்ச்சின்னு இதுக்குள்ள வந்ததே அதுக்குத்தான், ஏதாவது வழி கிடைக்காதான்னு. எந்த இடத்துல சீட்டு நின்னு போகுதுன்னு இன்னிக்குக் கை காட்டிச் சொல்லுவேன். சொல்லி? கண்டுபிடிச்ச அன்னிக்கு எல்லாரும் கை குடுத்தாங்க. நான் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன்.

பிள்ளைக்கு வந்தே தீரணும்னு இல்ல. வரலாம், வராமப் போகலாம், நாணயம் சுண்டுற மாதிரி. நானும் அப்படித்தான் என்னைத் தேத்திக்கிட்டேன். அவ குழந்தையில தொடையெல்லாம் மடிப்பு மடிப்பா இருக்கும், கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பேன். அழுவா. அப்படியும் விட மாட்டேன்.

இந்தா, கத்திடுச்சு. அந்த ஐஸ் டப்பாவை இப்படித் தள்ளுங்க. அதான், அதான். சட்டுனு குளிர வைக்கணும், இல்லன்னா ஒட்டுன சீட்டெல்லாம் உதிர்ந்துடும், என்ன நடந்துச்சுன்னே தெரியாமப் போயிடும். ஒட்டுன சீட்டு நாளைக்கு ஒரு தாள்ல கோடு கோடாத் தெரியும். முதல் தட்டுக்குக் கறுப்பா ஒண்ணு வரும், ரெண்டாவதுக்கும் வரும். மூணாவதுக்கு இருக்கா இல்லையான்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கணும். இதுக்கு முன்னாடியும் செஞ்சு பார்த்துட்டேன். எங்கயோ தட்டு மாறிப் போச்சுன்னு எனக்கே சொல்லிக்கிட்டு, பேரை மறைச்சு எண் போட்டுக் குடுன்னு கூட வேலை பார்க்கிறவகிட்ட கேட்டு வாங்கிச் செய்யறேன். மறைச்சு என்ன பிரயோஜனம்? மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்ச உடனே தெரிஞ்சுடுது. ரத்தப் பரிசோதனையும் வந்தாச்சு, இதயத்தோட படமும் எடுத்தாச்சு. நடக்கட்டும், ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறமும் இதைத் திரும்பத் திரும்பச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

பார்த்து, பார்த்து, மூணாவது தட்டை ஆட்டாதீங்க. அப்பெண்டிக்ஸ் எடுத்தப்ப டாக்டர் குடுத்தது. அவளோடதுதான்.

உக்காருங்க மாஸ்டர். அந்த ஸ்டூலே பரவாயில்ல, நான் பிடிச்சுக்கிறேன்.

அவகிட்ட இன்னும் சொல்லல. பதினாலு வயசு. சொல்லணும், இன்னொரு நாள் சொல்லுவேன். இன்னிக்கு நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அம்மா கையெழுத்து போடலைன்னு சொல்லாதீங்க. வேற ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கா, உன்னைவிட வேகம், அவளைத்தான் எடுத்தாங்கன்னு சொல்லுங்க. அழுவா. அழட்டும், ஓட்டத்துல தோத்ததுக்கு அழுதுட்டுப் போகட்டும். நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்க சொன்னா நம்புவா.

ஐயோ, கண்ணைத் துடைங்க மாஸ்டர். சத்தம் கேக்குது பாருங்க, ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஓடி வர்றா.