இடுப்பில் ஒரு பிரபு

— ஏங்க, அந்த ஃபிளெக்ஸை மட்டும் கேட்ல கட்டுனீங்க, நான் இந்த வாசப்படியத் தாண்ட மாட்டேன், சொல்லிட்டேன்.

— இன்னா தெரசா இப்டி பேசுற? ‘லார்டு பிராங்க், கார்ஸ்மூர் பிரபு, முத்தாபுதுப்பேட்டை’. எவ்ளோ கெத்தா கீது பாரு!

— கெத்தாம் கெத்து. மேல கிரீடம், கீழ ரெண்டு சிங்கம், நடுவுல கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு நீங்க. காதுகுத்துக்கு அடிச்ச மாதிரி இருக்கு.

— சிங்கம் நான் கேக்கல. கடைக்கார நாகேந்திரன் சும்மாவே போட்டுக் குடுத்தான். மேட்டர் இன்னான்னா, பிரபுன்னா சிங்கம் இருக்கணுமாம்.

— எப்பா சேசுவே! அந்த லண்டன் வக்கீல் இன்னும் நீங்கதான் வாரிசுன்னு சொல்லவே இல்லியே. விசாரிக்கிறோம்னுதான சொன்னாரு?

— விசாரிக்க இன்னா கீது? மேட்டர் இன்னான்னா, எங்க தாத்தாவுக்குத் தாத்தா அந்தப் பிரபு ஊட்டுக் கடைசிப் புள்ள. பூந்தமல்லி பட்டாளத்துக்கு வந்தாரு, நம்மூர்ப் பொண்ணை மாதா கோயில்ல வெச்சுக் கட்டுனாரு, இங்கயே தங்கிட்டாரு. அங்க மூத்தவங்க வம்சம் ஆம்பளப் புள்ள இல்லாம ஒவ்வொண்ணா அத்துப்போச்சு. கடைசிக் கெழவரும் போய்ச் சேந்துட்டாரு. பட்டம் சுத்திச் சுத்தி யார் தலைக்கு வருது? இந்தாண்ட வம்சத்துல மூத்த புள்ள யாரு? நானு!

— வந்து என்ன ஆகப் போவுது? பங்களாவை எப்பவோ வித்துட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. நெலம் இல்ல, பார்லிமென்ட்ல நாற்காலி இல்ல. வெறும் பேரு. அதுவும் நம்ம ரெனிதாவுக்கு வராதாம், பொம்பளப் புள்ளயாம். உங்களுக்கு அப்புறம் உங்க தம்பிக்குத்தான் போவுமாம். பெத்த பொண்ணுக்கு ஆவாத பட்டத்துக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்?

— அது அவங்க சட்டம், நானா எழுதுனேன்? ஜாபஸ்கிட்ட சொல்லிட்டேன், இனிமே என்னைப் பாத்தா எழுந்து நிக்கணும்னு.

— தம்பிகிட்டயா? தூ, வெக்கமா இல்ல உங்களுக்கு? அவரு என்ன சொன்னாரு?

— ‘முட்டி வலிக்குது அண்ணாத்தே, உக்காந்துகினே மரியாத குடுக்குறேன்’ன்றான். திமிரு.

— பாவம் அந்த மனுஷன். சின்ன வயசுல அண்ணன்கூடவே ஸ்கூலுக்குப் போவேன்னு அழுது பொரண்டு, வாத்தியாரு ரெண்டு வயசு கூட்டிப் போட்டு சேத்துக்கிட்டாரு. அதுல ஃபேக்டரில இருந்து முன்னாடியே ரிட்டையர் ஆயி, இந்த வெயில்ல ஆட்டோ ஓட்டுறாரு. அவரை எழுந்து வேற நிக்கணுமாம்.

— அண்ணாத்தே! அண்ணி! உள்ள வரலாமா? பிரபு ஊடாச்சே, செருப்பை எங்க உடணும்னு தெரியல.

— வாங்க தம்பி, உங்களைத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். கள்ளிக்குப்பத்துல அத்தை எப்படி இருக்காங்க?

— அம்மாவுக்கு இன்னா அண்ணி, ஜம்முனு கீறாங்க. மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க. அண்ணாத்தே, அந்த லண்டன் வக்கீல் காலைல எனக்கு வீடியோ கால் பண்ணாரு.

— உனக்கா? உனக்கு எதுக்குடா? நான்தான இந்தக் குடும்பத்துக்குப் பெரியவன்?

— அதுக்குத்தான் வந்தேன். நீ அவருக்கு இன்னா அனுப்பி வெச்ச?

— அப்பா அம்மா கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்டாரு. கல்யாணப் போட்டோவை அனுப்பினேன்.

— எந்தப் போட்டோங்க? அதுவா? ஐயோ, அதுவா?

— ஊருக்கே தெரிஞ்ச போட்டோ தெரசா! மாதா கோயில் வாசல்ல அப்பா கோட்டு போட்டுகினு, அம்மா வெள்ளப் பொடவை, இடுப்புல நானு. பெத்தவங்க கல்யாணத்துல பிரியாணி துன்ன ஒரே புள்ள இந்த ஆவடிலயே நான்தான்னு வீடியோ கால்ல சொன்னேன். ரெனிதா அதை இங்கிலீஷ்ல சொல்லவே மாட்டேன்னுட்டா. நானே சொன்னேன், ‘மை மதர் மேரேஜ், ஐ பிரியாணி ஈட்டிங்’னு. வக்கீல் அப்டியே ஆடிப்பூட்டாரு.

— ஆடாம என்ன பண்ணுவாரு! எப்பா சேசுவே, எப்பா சேசுவே! நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து தொண்ட கிழியச் சொல்றேன், அந்தப் பெருமைய வெளிய பேசாதீங்கன்னு. கிறிஸ்துமஸ்க்குப் பேசுனீங்க. ரெனிதா நிச்சயத்துல சம்பந்திகிட்ட பேசுனீங்க. இப்ப லண்டன் வரைக்கும் பேசியாச்சு!

— அதுல இன்னா தப்பு? தெருவுக்கே தெரியும்.

— தப்பு இல்ல அண்ணாத்தே. ஆனா அவங்க சட்டத்துல, கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்த புள்ளைக்குப் பட்டம் கெடையாதாம். அப்பால பெத்தவங்க கட்டிகினாலும் செல்லாதாம்.

— டேய், அம்மன் கோயில்ல அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுனாரு. அதுக்கு அப்பாலதான்டா நான் பொறந்தேன்!

— அதை அவருகிட்டயும் சொன்னேனே. அப்பா கிறிஸ்டியன், அம்மா இந்து, அந்தத் தாலி கணக்குல வராதுன்றாரு. மாதா கோயில்ல கட்டுனதுதான் கல்யாணமாம்.

— அங்க கட்டணும்னா ஞானஸ்நானம் வாங்கிகினு வான்னாரு சாமியாரு. அம்மா மாட்டேன்னுச்சு. மூணு வருஷம் வீம்பு! அது புடிச்ச வீம்புக்கு நான் இன்னாடா பண்ணுவேன்?

— அத்தையைச் சொல்லாதீங்க. பெத்த வீட்டை விட்டு வந்து, ஒத்த ரூம்ல உங்களைப் பெத்து வளத்தாங்க. நீங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

— சரி, நான்தான் கெட்டேன். அப்ப பட்டம் யாருக்குடா?

— கல்யாணத்துக்கு அப்பால பொறந்த மொத ஆம்பளப் புள்ளைக்காம்.

— நீயா?

— நான்தானாம். கல்யாணம் ஆன மறு வருஷம் பொறந்தவன்ல.

— ஓஹோ! அதான் தண்ணி குடு, மோர் குடுன்னு இழுத்துகினு கீறியா? டேய், அப்பா குழில மொதப் புடி மண்ணு போட்டது யாரு? உன்னைக் கையப் புடிச்சு ஸ்கூலுக்கு இட்டுகினு போனது யாரு? உனக்குப் பொண்ணு பாக்க ஊர் ஊரா அலைஞ்சது யாரு? எவனோ கடலுக்கு அந்தாண்ட உக்காந்துகினு நான் மூத்தவன் இல்லன்றான், நீ ஆட்டோ ஏறி வந்து அதை என்கிட்டயே சொல்ற!

— மூத்தவன் இல்லன்னு சொல்லல அண்ணாத்தே.

— வேற இன்னா சொன்னான்?

— உடு, வேணாம்.

— சொல்லுடா!

— முறை தவறிப் பொறந்த புள்ளன்னாரு. அதை நான் என் வாயால ஒரு தபா சொல்லணுமாம், அம்மாவும் ஆமான்னு சொல்லணுமாம். சொன்னா பட்டம் எனக்கு. எனக்கு அப்பால என் புள்ள ஜஸ்டினுக்கு.

— அம்மா கேட்டுகினா இருந்துச்சு?

— பக்கத்துலதான் உக்காந்து கீரை ஆஞ்சுகினு இருந்தாங்க. ஜஸ்டின் தமிழ்ல சொன்னதும் கீரையை அப்டியே வெச்சுட்டாங்க.

— ஐயோ, இந்த வயசுல அத்தை காதுல இது விழணுமா? ஏங்க, இவ்ளோ நேரம் பேசுனீங்களே, இப்ப எதுக்கு சுவத்தைப் பாக்குறீங்க?

— இன்னாத்த பேச தெரசா. பட்டம் போனா மயிரே போச்சு. எங்கம்மாவை அவன் அப்டிக் கேட்டுட்டானே. நானே போட்டோவை அனுப்பி, நானே பல்ல இளிச்சுகினு சொல்லி... தூ, நான்லாம் ஒரு புள்ள!

— அண்ணாத்தே...

— நீ சொல்லிட்டியாடா? அது ஒண்ணு மட்டும் சொல்லு.

— அவரு கேட்டதுக்கு பதில் சொல்லிட்டேன்.

— அம்மா?

— அம்மாவும் ஆமான்னுட்டாங்க.

— போ. எந்திரிச்சுப் போ. லார்டு ஜாபஸு! அந்த ஃபிளெக்ஸையும் எடுத்துகினு போ, தலைய மட்டும் வெட்டி உன் தலைய ஒட்டிக்கோ. சிங்கம் ரெண்டும் உனக்குத்தான்.

— தம்பி, நீங்களா இப்படி? அண்ணன் இல்லாம பள்ளிக்கூடம்கூடப் போவ மாட்டேன்னு அழுத ஆளா நீங்க?

— அண்ணி, நீங்களுமா? முழுசாக் கேளுங்க. பட்டத்துக்கு இனிமே ஆளே இல்லன்னு சொல்லி வக்கீல் போனை வெச்சுட்டாரு.

— ஆளே இல்லியா? அப்ப நீ இன்னா செத்தா பூட்ட?

— வாத்தியாரு கூட்டிப் போட்ட ரெண்டு வயசு இன்னிக்குத்தான் அண்ணாத்தே ஒரு வேலைக்கு ஆச்சு. ஆதார் கார்டைக் காட்டி, நானும் கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தவன்தான்னேன். ஜஸ்டின் சிரிச்சுகினே இங்கிலீஷ்ல சொன்னான், அம்மா ‘ஆமா, ஆமா’ன்னு தலைய ஆட்டுனாங்க. அப்ப போட்டோல உங்கண்ணன் எங்கன்னு கேட்டாரு. போட்டோல அம்மா இடுப்புல கீறது நானு, எங்கண்ணன் அந்நேரம் உள்ள பந்தில குந்திகினு பிரியாணி துன்னுகினு இருந்தான்னு சொல்லிட்டேன்.