பதினோரு மில்லிமீட்டர்

இந்த மேசை ஆடுகிறது. உங்கள் பக்கத்துக் காலுக்கு அடியில் ஓர் அட்டையை இரண்டாக மடித்து வையுங்கள், நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவன் நான். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தங்கை கணவரை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. மாப்பிள்ளை கலகலப்பானவர். குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் மேலாளர். அவர் நுழைந்தால் எந்த வீடும் சிரிக்கும். பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் புது வீடு கட்டியபோது, சமையலறை மாடத்துக்கு நான்தான் அளவெடுத்துப் பலகை அறுக்கச் சொன்னேன். பலகை இரண்டு சென்டிமீட்டர் நீளம் கூடிவிட்டது. தச்சர் அங்கேயே அறுத்துப் பொருத்திவிட்டார். ஐந்து நிமிட வேலை. அன்று மாப்பிள்ளை எனக்கு ஒரு பெயர் வைத்தார்: ரெண்டு சென்டி. கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில், என் பிறந்தநாளில், எல்லா இடத்திலும் அந்தக் கதைதான். போன வருடம் என் அலுவலகத்துக்கு வந்து வரவேற்பில் "ரெண்டு சென்டி இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் முதல் அங்கேயும் எனக்கு அதுதான் பெயர். என் தங்கை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மரியாதை தெரிந்தவள்.

இதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்குக் கார் பைத்தியம். மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், பிரேக் தட்டைப் பெருசா மாத்தப் போறேன். ஒரு ஸ்பேசர் வரைஞ்சு கொடுங்க. சென்டிமீட்டர் மட்டும் வேணாம், உங்களுக்கு ராசியில்ல."

என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உங்களுக்குக் கார் பழக்கம் இல்லையென்றால் சொல்கிறேன். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துவது காலிப்பர். தட்டு பெரிதானால் காலிப்பர் அதற்கேற்ப வெளியே தள்ளி உட்கார வேண்டும். அந்த இடைவெளியில் வைக்கிற உலோகத் துண்டுதான் ஸ்பேசர். காலிப்பரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் அதன் வழியாகப் போய் உள்ளே மரையில் ஏறும்.

கார் உதிரிபாகக் கடையில் இரண்டு அளவுத் தட்டு இருந்தது. அவருக்கு இருப்பதிலேயே பெரியது வேண்டும். அதற்கு ஸ்பேசர் பதினாறு மில்லிமீட்டர். அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது நான் சின்னதை வாங்கச் சொன்னேன். அதற்குப் பதினொன்று போதும்.

"அகலக்கால் வைக்காதீங்க மாப்பிள்ளை. குடும்பம் போற வண்டி."

என் தங்கை அன்று எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி பரிமாறினாள். "அண்ணன் சொல்றதைக் கேளுங்க. அவர்தான் நிதானமா யோசிக்கிறவர்" என்றாள்.

வரைபடத்தில் ஒன்பது குறிப்புகள் எழுதினேன். ஏழாவது: நீளமான புது போல்ட் கட்டாயம். மாப்பிள்ளை மாத்திரைச் சீட்டையே படிக்காதவர். ஸ்பேசரைக் கடைந்து கொடுத்த லேத்காரர் மட்டும் கவனித்து என்னிடம் கேட்டார்.

"போல்ட்டும் நீளமா வேணுமே சார்?"

"அதை அவங்க தனியா வாங்கிக்குவாங்க" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை தன் வீட்டு வாசலிலேயே மாட்டினார். சக்கரத்துக்குள் இருட்டாக இருக்கும் என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய போல்ட்டுகளைத் துணியால் துடைத்தார். வைத்தார். முடுக்கினார். பிடித்தது.

"பார்த்தீங்களா மச்சான், அச்சு பிசகல. இன்னையோட உங்க ரெண்டு சென்டி பேரை நீக்கிட்டேன்."

"ஸ்பேசர் நல்லாத்தான் வந்திருக்கு" என்றேன். வந்திருந்தது. நீங்களும் அளந்து பார்த்தீர்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூடப் பிசகில்லை. உங்கள் அறிக்கையில் அதைத் தனியாகக் குறிப்பிட்டால் நல்லது.

பதினோராவது நாள் அந்த இறக்கத்தில் காலிப்பர் கழன்றது. வண்டியில் மாப்பிள்ளை இல்லை. என் தங்கைதான் ஓட்டிப் போயிருந்தாள். இறக்கம் முடியும் இடத்தில் சுவர்.

மாப்பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க எழுதிக் கொடுத்திருந்தீங்க மச்சான். நான் படிக்கல. நான்தான் கொன்னுட்டேன்." தோளைத் தட்டிக் கொடுத்தேன். அளவு விஷயத்தில் அந்த மனிதர் தன் தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒன்பது வருடம் காத்திருந்தாலும் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. உங்களிடமும் வந்து அதையே எழுதிக் கொடுத்தாராம். அதை நான் தடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் வாதம் செய்யக் கூடாது.

நேற்று என் கணினியில் நீங்கள் எடுத்த இரண்டாவது வரைபடத்துக்கு வருகிறேன். ஆமாம், அதில் இருப்பது பழைய போல்ட்தான். முதல் வரைபடத்துக்கு முந்தின நாள் போட்டது.

கணக்கு சிறியது. பழைய போல்ட் மரைக்குள் பதினாறு மில்லிமீட்டர் ஏறும். பெரிய தட்டுக்கான ஸ்பேசரை வைத்தால் போல்ட் மரையை எட்டவே எட்டாது. மாப்பிள்ளைக்கே தெரிந்துபோய்ப் புதிதாக வாங்கிவிடுவார். பதினோரு மில்லிமீட்டர் வைத்தால் ஐந்து மிஞ்சும். மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. முடுக்கும்போது பிடிக்கும். தெருவில் இரண்டு சுற்று வந்தால் ஒன்றும் தெரியாது. பலமாக மிதிக்க மிதிக்க மரை கொஞ்சம் கொஞ்சமாக உரியும். அதனால்தான் சின்னத் தட்டு வாங்கச் சொன்னேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவரைக் கொல்வதற்காகத்தான் வரைந்தேன், எழுதிக்கொள்ளுங்கள். அவரை மட்டும்.

தங்கை விஷயத்தில்தான் உங்கள் கேள்வி எனக்கு வருத்தமாக இருக்கிறது. அன்று காலை பத்தரை மணிக்கு அவள் என் அலுவலகத்துக்குப் போன் செய்தது உண்மை. கையில் டீ இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணா, அவருக்குக் கை சுளுக்கிக்கிச்சு. வண்டியை நானே எடுத்துட்டுப் போறேன். புது பிரேக் ஒண்ணும் பயமில்லையே?"

போகாதே என்று சொல்லியிருக்கலாம்தான். ஏன் என்று கேட்பாள். அவ்வளவு பேர் நடுவில், நான் வரைந்து கொடுத்த ஒன்றில் பயம் இருக்கிறது என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது? அந்தப் பெயர் போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

"ஸ்பேசருக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். ஒன்றும் ஆகவில்லை, கீறல்கூட இல்லை.

அவள் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். கூடப் பிறந்தவளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.