சூடு காட்டிய தயிர்

மனைவி: ...இது ஏன் வெதுவெதுன்னு இருக்கு?

கணவன்: எது?

மனைவி: தயிருங்க. என் கிண்ணம்.

கணவன்: வெயில்... ஜன்னல் ஓரமா இருந்துச்சுல்ல.

மனைவி: வெளிய மழை கொட்டுது.

கணவன்: சரி, மாட்டிக்கிட்டேன். அடுப்புல லேசா சூடு காட்டினேன்.

மனைவி: தயிரையா! யாராவது தயிரைச் சூடு பண்ணுவாங்களா?

கணவன்: தயிர் வாசனை அடிச்சாலே தெருமுனைக்கு ஓடுறவ, இப்ப கிண்ணம் கிண்ணமா உள்ள தள்ளுற. நான் ஏன்னு கேட்டேனா?

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. இன்னைக்கு மட்டுமா, தெனமுமா?

கணவன்: தெனமும்னு சொல்ல முடியாது...

மனைவி: என்னங்க!

கணவன்: தெனமும்தான். இன்னைக்குத்தான் சூடு கொஞ்சம் கூடிப்போச்சு.

மனைவி: ஐயோ... உள்ள இருந்ததெல்லாம் செத்துப் போச்சு.

கணவன்: தயிருக்குள்ள யாரு குடியிருந்தா?

மனைவி: நல்ல கிருமிங்க. உயிரோட வயித்துக்குள்ள போனாத்தான் பலன்னு தோல் டாக்டர் சொன்னாரே. நீங்களும்தானே பக்கத்துல உக்காந்து தலையாட்டினீங்க?

கணவன்: பாப்பாவுக்குக் கரப்பான்னு அவர் சொன்னதும், பூச்சி மருந்து எழுதப் போறாரோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன்.

மனைவி: விளையாடாதீங்க.

கணவன்: சரி, மொத்தம் எத்தனை பேரைக் கொன்னிருப்பேன்?

மனைவி: கோடிக்கணக்குல.

கணவன்: ஒரு ஈயைக்கூட அடிக்கத் தெரியாதவனைத்தான் நீ கட்டிக்கிட்ட. இப்பப் பாரு, எங்க கொண்டு வந்து விட்டிருக்க...

மனைவி: எனக்குச் சிரிப்பு வரலை.

கணவன்: அடி, பாப்பா கிண்ணத்துல நான் கையே வைக்கலை. அவ ஜில்லுன்னுதான் சாப்பிட்டா. அதுவுமில்லாம, களிம்புதான் முக்கியம், தயிரை நம்பி அதை நிறுத்திடாதீங்கன்னுதானே டாக்டர் சொன்னார்?

மனைவி: ...தெரியும்.

கணவன்: அப்புறம் உன் கிண்ணத்துக்கு எதுக்கு இந்த ஒப்பாரி? உனக்கென்ன, சொறியா?

மனைவி: அந்தக் கத்திரிக்கோலை எடுங்க. பாப்பாவோட புதுச் சட்டையில லேபிள் உறுத்தும், வெட்டணும்.

கணவன்: இப்ப யாரு பேச்சை மாத்துறா?

மனைவி: விடுங்க, நானே எடுத்துக்கறேன்.

கணவன்: ஏய்... அழறியா என்ன?

மனைவி: கைக்குச் சாக்ஸ் மாட்டித்தானே அவளைத் தூங்க வைக்கிறேன்? அப்படியும் காலையில பாத்தா தலகாணி உறையில ரத்தம். இன்னொரு பிள்ளையும் அப்படிச் சொறிஞ்சுக்கிட்டுக் கிடந்தா... என்னால தாங்க முடியாதுங்க.

கணவன்: எந்தப் பிள்ளை?

மனைவி: நீங்க மருந்துக் கடைக்குப் போனப்ப டாக்டர்கிட்ட தனியா கேட்டேன். அம்மா இப்பவே இதெல்லாம் சாப்பிட்டா, பொறக்குற பிள்ளைக்கு ஒருவேளை கம்மியா வரலாம்னார். உறுதி கிடையாதுன்னும் சொன்னார். அதான் மூக்கைப் பொத்திக்கிட்டு...

கணவன்: என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

மனைவி: போன தடவை நிலைக்கலையே. நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயா போய் இல்லைன்னு சொன்னீங்களே... மறுபடி ஆசை காட்டி உங்களை ஏமாத்த வேண்டாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா தயிரைக் காய்ச்சி வச்சிருக்கீங்க! எதுக்குங்க காய்ச்சினீங்க?

கணவன்: சளி பிடிச்சு மூச்சு விட முடியாம கிடந்தியே, அன்னைக்கு ஒரு மாத்திரையைக்கூட நீ தொடலை. அப்பவே தெரிஞ்சுபோச்சுடி எனக்கு. நீயா சொல்ற வரைக்கும் கேக்க பயம்... மறுபடி சளி பிடிச்சா மருந்தும் இல்லாம நீ என்ன பாடுபடுவியோன்னுதான் சூடு பண்ணேன்.